பெருமாள் மலை தெரிந்ததா?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் கொடைக்கானலில் கல்லூரி விடுதியில் தங்கி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் ஒட்டன்சத்திரம். மலைக்கு வந்த புதிதில் குளிர் தாங்காமல் அழுதேன். இப்போது விடுமுறைக்கு ஊருக்குப் போனால் மின்விசிறிச் சத்தத்தில் தூக்கம் வருவதில்லை.

எங்கள் அறையில் நான்கு பேர். ஆளுக்கொரு கிறுக்கு. ஒருத்தி துவைத்த காலுறையைக் கொடியில் போடவே மாட்டாள். இந்த மூடுபனியில் ஒரு வாரமானாலும் காயாது என்று போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுப்பாள். உடம்புச் சூட்டில் விடிவதற்குள் காய்ந்துவிடும் என்பாள். காய்ந்தும்விடுகிறது. இன்னொருத்தி விடுதி வாசலில் படுத்திருக்கும் நாய்க்குத் தினமும் சாயங்காலம் சாக்கு போர்த்திவிடுவாள். அது எழுந்து உதறிவிட்டு வேறு இடத்தில் போய்ப் படுக்கும். இவள் சாக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போவாள். மூன்றாமவள் வத்தலக்குண்டுக்கு பஸ்ஸில் இறங்கும்போதெல்லாம் வளைவுகளை எண்ணுவாள். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்து எண்ணிக்கை தவறிவிட்டால் அன்று முழுவதும் அவளிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது.

என் கிறுக்கு பெருமாள் மலை. காலை ஏழு மணிக்கு மாடிப்படி ஜன்னலில் நின்று மலை தெரிகிறதா என்று பார்ப்பேன். 'தெரிந்தது', 'தெரியவில்லை', 'பாதி' என்று இந்த மூன்றில் ஒன்றை நோட்டில் எழுதுவேன். அவ்வளவுதான். ஏன் ஆரம்பித்தேன் என்று தெரியாது. எழுதாமல் வகுப்புக்குப் போனால் செருப்புப் போட மறந்து வந்ததுபோல் இருக்கிறது.

அண்ணன் காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறார். என் படிப்புக்குப் பணம் கட்டுவது அவர்தான். நோட்டைப் பார்த்துவிட்டு, "மலை எங்கே போய்விடப் போகிறது? அந்த நேரத்தில் போட்டித் தேர்வுக்கு நான்கு கேள்வி படிக்கலாமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் மனதில் நிற்கிறது.

இதை விட்டுவிட வேண்டுமா அக்கா? தோழிகளைப் பற்றி எழுதவும் ஆசை. கேலி செய்வதாக ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இன்னொன்று, விடுமுறை நாட்களில் நோட்டில் விழும் இடைவெளியை என்ன செய்வது? பெயர் வெளியிட வேண்டாம். என்னை 'நீ' என்றே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

விட்டுவிடாதே. கடிதத்தைப் படித்து முடித்த உடனே தோன்றிய பதில் இதுதான். ஒரு நாள் கழித்து யோசித்தபோதும் இதுவே தோன்றியது.

உன் விடுதியிலிருந்து சற்று மேலே ஏறினால் சூரிய ஆய்வகம் இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் வாசலைப் பார்த்துவிட்டுத் தூண் பாறைக்குப் போய்விடுவார்கள். நீ ஒரு நாள் நிதானமாகப் போய் வா. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் தொடர்பு இருக்குமோ என்ற கேள்வி எழுந்தது. சூரியனை நாள் தவறாமல் பார்க்க நல்ல இடம் தேடினார்கள். நம் மலையைத் தேர்ந்தெடுத்து 1899-இல் ஆய்வகத்தை நிறுவினார்கள். 1904 முதல் வானம் இடம்கொடுக்கும் நாளெல்லாம் அங்கே சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். நூறாண்டுகளுக்கும் மேலாக, ஒரே சூரியன், ஒரே மலை, தினமும் ஒரு படம். பழைய கண்ணாடித் தகடுகளையும் படச்சுருள்களையும் இப்போது கணினியில் ஏற்றிவிட்டார்கள். உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் அவற்றை எடுத்து ஆராய்கிறார்கள்.

முதல் தகட்டை எடுத்தவரை நினைத்துப் பார். கரும்புள்ளிகள் பெருகிக் குறைகிற ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 ஆண்டுகள் ஆகும். ஒரு சுற்றை முழுதாகப் பார்க்கவே 11 ஆண்டுகள் தினமும் காலையில் எழுந்து வர வேண்டும். அதில் எந்த ஒரு நாளின் படமும் தனியாக எதையும் பெரிதாகச் சொல்லிவிடாது. ஆனாலும் அன்றைய படத்தை அன்றே எடுத்தார்கள். சூரியனும் எங்கும் போய்விடவில்லைதான். ஆனால் அன்றைய சூரியன் போய்விடும். உன் அண்ணனுக்கான பதில் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மலை அங்கேயேதான் இருக்கும். நீ எழுதுவது அன்று காலை ஏழு மணியைப் பற்றி.

அந்த ஆய்வகத்தில் 1907 முதல் பணியாற்றியவர் ஜான் எவர்ஷெட். கரும்புள்ளியின் விளிம்பில் வாயுக்கள் மையத்திலிருந்து வெளிப்பக்கமாகப் பாய்கின்றன என்று அவர் கண்டறிந்தது 1909 ஜனவரியில், இதே ஊரில். இன்றும் அதை எவர்ஷெட் விளைவு என்றே சொல்கிறார்கள். எனக்கு அவரைவிட அவருடைய மனைவி மேரியைப் பற்றி உனக்குச் சொல்லத்தான் அதிக விருப்பம். அவரும் வானியல் அறிந்தவர். கணவரோடு சேர்ந்து சூரியத் தீக்கொழுந்துகளை ஆராய்ந்தார். அதற்கெல்லாம் முன்பிருந்தே அவருக்கு ஒரு தனிப் பிடிப்பு இருந்தது. இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் நெடுங்கவிதையில் சொல்லும் வானம் அக்கால அறிவின்படி சரிதானா, எந்த நட்சத்திரம் எங்கே இருந்திருக்கும், தாந்தே யாரிடமிருந்து வானியல் கற்றார் என்பதுதான் அது. யாரும் அவரைக் கேட்கவில்லை. யாருக்கும் அது அவசரமாகவும் தேவைப்படவில்லை. அவர் விடாமல் பார்த்து ஒரு முழு நூலாகவே எழுதினார். அது வெளிவந்தது அவர்கள் கொடைக்கானலில் வாழ்ந்த ஆண்டுகளில். இந்தக் குளிரில் இருந்துகொண்டு 600 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கவிஞனின் வானத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணை நினைத்தாலே எனக்கு உற்சாகம் பிறக்கிறது. உனக்கும் பிறக்கும்.

இனி உன் நோட்டு. அதில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வேன். 'தெரியவில்லை' என்று எழுதுகிறாயே, அதற்குள் இரண்டு வகை நாட்கள் கலந்திருக்கக்கூடும். நீ போய் நின்று பார்த்தாய், மூடுபனியில் மலை தெரியவில்லை என்பது ஒன்று. காய்ச்சலில் படுத்துவிட்டாய், அல்லது தேர்வுக்கு ஓடிவிட்டாய், பார்க்கவே இல்லை என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே சொல்லில் எழுதினால் நோட்டு பொய் சொல்லத் தொடங்கிவிடும். 'பார்க்கவில்லை' என்று நான்காவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள். அப்படி எழுத வெட்கப்படாதே. 'நேற்றும் தெரிந்திருக்கும்' என்று மறுநாள் ஊகித்து எழுதுவதுதான் கூடாது. தோழியிடம் கேட்டு எழுதினால் 'தோழி பார்த்தாள்' என்று பக்கத்தில் குறி. மலை மறைந்த நாட்களையும் தெரிந்த நாட்களுக்குக் கொடுக்கிற மதிப்போடு எழுது. மூடுபனி எந்த மாதத்தில் எத்தனை நாள் நின்றது என்று பின்னால் சொல்லப்போவது அந்த நாட்கள்தான்.

முடிந்தால் மதியம் இரண்டு மணிக்கும் ஒருமுறை பார். காலையில் பளிச்சென்று தெரிந்த மலை மதியம் காணாமல் போகும் நாட்கள் பல இருக்கும். வெயில் ஏற ஏறச் சமவெளிக் காற்று சூடாகிச் சரிவைப் பிடித்து மேலே வருகிறது. மேலே வர வர விரிந்து குளிர்கிறது. அதிலுள்ள நீராவி துளிகளாகி நம் ஊரை மூடுகிறது. இரவில் இதற்கு நேர்மாறாகக் குளிர்ந்த காற்று பள்ளத்துக்கு இறங்கிவிடும். அதனால் விடியற்காலையில் நாம் தெளிந்த வானத்தின் கீழ் நிற்க, மேகம் நமக்குக் கீழே பள்ளத்தாக்கில் கிடக்கும். ஆய்வகத்தில் காலை நேரத்தை விரும்புவதற்கும் இதுதான் காரணம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். நாள் முழுக்க ஒரே வெண்மைதான். அப்போது சலிப்பு வரும். பக்கம் பக்கமாக 'தெரியவில்லை' என்று எழுத வேண்டிவரும். அந்த மாதங்களில்தான் உன் நோட்டை நீ விட்டுவிடுவாயோ என்று எனக்குக் கவலை. அப்போது எனக்கு ஒரு கடிதம் எழுது.

எங்கள் தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டக்காரர்கள் மழைமானி வைத்து அன்றன்று பெய்ததைக் குறித்துவைப்பார்கள். கோடை மழை விழுந்து ஒன்பது பத்து நாளில் காப்பி பூக்கும். மழைத் தேதி தெரியாதவனுக்கு எதுவும் தெரியாது. பூம்பாறையில் பூண்டு போடுகிறவர்கள் உறைபனி விழுந்த நாட்களை விரல்விட்டுச் சொல்வார்கள். உன் நோட்டை அவர்களில் யாரிடமாவது காட்டிப் பார். சிரிக்கமாட்டார்கள். "ஏழு மணிக்கா? ஆறு மணிக்குப் பார்" என்று திருத்தம்தான் சொல்வார்கள்.

அடுத்து உன் தோழிகள். நாய்க்குச் சாக்கு போர்த்தும் பெண்ணிடம் போய் நான் சொன்னதாகச் சொல்: அவள் செய்கிற காரியத்துக்கு இந்த மலையில் ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. பழனி மலைப் பகுதியை ஆண்ட பேகன், மயில் குளிரில் நடுங்கும் என்று எண்ணித் தன் போர்வையை அதற்குக் கொடுத்தவன். பரணர் அதைப் புறநானூற்றில் பாடியிருக்கிறார். பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். ஆனால் ஜனவரி இரவில் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும் ஊரில் இருந்துகொண்டு படித்தால் அது வேறு மாதிரி இருக்கிறது. மயில் அந்தப் போர்வையை வைத்துக்கொண்டதா, உதறிவிட்டுப் போனதா என்று பாட்டில் இல்லை. உதறியிருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன். பேகன் மறுபடியும் போயிருப்பான் என்றும் நம்புகிறேன்.

அவர்களைப் பற்றி எப்படி எழுதுவது என்று கேட்டாய். கபிலரின் குறிஞ்சிப்பாட்டை எடுத்துக்கொள். அதில் பேசுகிறவள் தோழி. தலைவியின் உடல் மெலிவைக் கண்டு செவிலித்தாய் கலங்கி நிற்கிறாள். தலைவியின் காதலை அவளிடம் எடுத்துச் சொல்ல வேண்டிய நெருக்கடியான நேரம். அந்த நேரத்தில் தோழி, நாங்கள் அருவியில் ஆடினோம், பூப் பறித்துப் பாறையில் குவித்தோம் என்று தொடங்கி 99 பூக்களின் பெயரை வரிசையாகச் சொல்கிறாள்.  எனக்கு அதில் இரண்டு பாடம் கிடைக்கிறது. தோழியைப் பற்றிப் பிறரிடம் பேசுகிறவள் தோழியின் நன்மைக்காகப் பேசுகிறாள். அவள் தன் தோழியோடு சேர்ந்து பறித்த பூக்களைச் சொல்கிறாள், ஒளிந்து பார்த்ததைச் சொல்லவில்லை. நீயும் அந்த அறையில் நால்வரில் ஒருத்தியாக இருந்தே எழுது. காலுறையைப் போர்வைக்குள் வைத்துக் காயவைப்பவளைப் பற்றி எழுதும்போது, அது உண்மையிலேயே காய்ந்துவிடுகிறது என்று உன் கடிதத்தில் எழுதினாய் பார், அந்த ஒரு வரியில் கேலி காணாமல் போய்விட்டது. அவள் சொல்வது சரியா என்று நீ போய்த் தொட்டுப் பார்த்திருக்கிறாய். அப்படித் தொட்டுப் பார்த்த பிறகு எழுதினால் யாரும் புண்படமாட்டார்கள். எழுதியதை முதலில் அவர்களிடம் படித்துக் காட்டு. ஒருத்தி வேண்டாம் என்றால், அந்தப் பக்கத்தை அவளிடமே கொடுத்துவிடு.

வளைவு எண்ணும் பெண்ணுக்கு ஒரு யோசனை. மலைச் சாலையில் எது வளைவு, எது திருப்பம் என்று முதலில் அவள் ஒரு முடிவுக்கு வரட்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் வேறு எண் வரும், யார் பேசினாலும் பேசாவிட்டாலும். ஓட்டுநர் கியரை இறக்கிப் போடுகிற இடத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டால் எண்ணுவது எளிது.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொன்னதில் உன்மேல் உள்ள அக்கறைதான் இருக்கிறது. மண்டியில் கணக்கு எழுதும் மனிதர், தங்கையாவது வேறு வேலைக்குப் போக வேண்டும் என்று நினைக்கிறார். நினைக்கட்டும். நான்கு கேள்வி அல்ல, நாற்பது கேள்வி படி. ஜன்னலில் நிற்கிற நேரம் அதற்குக் குறுக்கே வராது. அவரிடம் இதைப் பற்றி வாதாடாதே. வேறொன்று செய்.

விடுமுறை இடைவெளியை என்ன செய்வது என்று கேட்டாயே. இடைவெளியை இடைவெளியாகவே விடு. 'ஊரில் இருந்தேன்' என்று எழுதினால் போதும். ஆனால் ஒட்டன்சத்திரத்திலிருந்து தெற்கே பார்த்தால் இதே மலைத்தொடரின் வடக்கு முகம் தெரியும். பெருமாள் மலையைத் தேட வேண்டாம், மலை விளிம்பு வானத்தில் கோடாகத் தெரிகிறதா என்று மட்டும் பார். அதற்குத் தனி நோட்டு போடு, இரண்டையும் கலக்காதே. நீ விடுதிக்குத் திரும்பும்போது அந்த நோட்டை அண்ணனிடம் கொடுத்துவிடு. மண்டிக்குப் போகிறவர், காலை ஏழு மணிக்கு விழித்துத்தான் இருப்பார். கணக்கு எழுதிப் பழகிய கை, உன்னைவிட ஒழுங்காக எழுதும். கீழேயிருந்து அவரும் மேலேயிருந்து நீயும் ஒரே நேரத்தில் ஒரே மேகத்தின் இரண்டு பக்கத்தைப் பார்த்து எழுதினால், மேலே மூடியிருந்த நாளில் கீழே எப்படி இருந்தது என்பது தெரியவரும். அவர் மறுத்தாலும் நோட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வா.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் இரண்டு நோட்டிலும் ஜனவரிப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு.

அன்புடன்,
அக்கா