அம்மாவின் எட்டு மணி மாத்திரை

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. அப்பா இறந்த வாரத்தில் குடும்ப மருத்துவர் தூங்குவதற்கு டையசிபாம் எழுதிக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகளாகியும் இரவு எட்டு மணிக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் படுக்கிறார். சென்ற மாதம் நள்ளிரவில் கழிவறைக்குப் போகும்போது விழுந்துவிட்டார். "இன்றே நிறுத்து" என்கிறார் அண்ணன். மனநல மருத்துவரிடம் போகலாம் என்றால், "எனக்கென்ன பைத்தியமா?" என்று அம்மா அழுகிறார்.
- ஒரு வாசகி

பதில்: இன்றே நிறுத்தக் கூடாது. அண்ணனிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள். இரண்டு ஆண்டு பழகிய மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் பதற்றமும் நடுக்கமும் வரும். சிலருக்கு வலிப்பே வந்துவிடும். மருத்துவர் சொல்கிறபடி வாரக்கணக்கில், தேவையானால் மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

குறைக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு ஐயமில்லை. இளம் உடலிலிருந்தே மெதுவாக வெளியேறும் மருந்து இது. முதுமையில் இன்னும் பல நாள் தங்கி, நேற்றைய மாத்திரையோடு இன்றையதும் சேர்ந்துகொள்ளும். தள்ளாட்டம், மறதி, இடுப்பெலும்பு முறிவு எல்லாம் அப்படி வருபவை. முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளைச் சொல்லும் 'பியர்ஸ்' பட்டியலில் இந்த வகை மருந்துகள் இருக்கின்றன.

அம்மாவின் அழுகைதான் என்னை மிகவும் வருத்தியது. டையசிபாமும் மூளையில் வேலை செய்யும் மருந்துதான். ஆனால் 'தூக்க மாத்திரை' என்றால் யாருக்கும் கூச்சமில்லை, 'மனநல மருத்துவர்' என்றால்தான் கூச்சம். இந்தக் கூச்சத்தால்தான் அவருக்கு இருப்பது துக்கமா, மனச்சோர்வா என்று இரண்டு ஆண்டுகளாக எவரும் கேட்கவில்லை. மனச்சோர்வு என்றால் அதற்குரிய மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் வேறு. அவற்றை அவருக்கு மறுத்துவிடாதீர்கள்.

ஒன்று கேட்கிறேன். இந்த இரண்டு ஆண்டில் மருந்துச்சீட்டைப் புதுப்பித்த மருத்துவர் அம்மாவை நேரில் எத்தனை முறை பார்த்தார்? என்னிடம் பெரும்பாலும் பழைய சீட்டோடு பிள்ளைகள்தான் வருகிறார்கள். பல நாடுகளில் இந்த மாத்திரைகள் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் எழுதப்படுகின்றன. கணவரை இழந்து தனி அறையில் படுப்பவரின் இரவு வீட்டாருக்குத் தெரிவதில்லை.

என்னிடம் வந்த எண்பது வயது அம்மையார் ஒருவருக்கு மும்முறை அளவைக் குறைத்தும் மாத்திரையை நிறுத்த முடியவில்லை. ஒருநாள் அவரே சொன்னார்: "மாத்திரை கொடுக்கத்தான், டாக்டர், என் மகன் அறைக்குள் வருகிறான். அது நின்றுபோனால் வருவானா?" அருகில் இருந்த மகன் தலை கவிழ்ந்தார். அன்றிலிருந்து இரவுதோறும் அரைமணி நேரம் அம்மாவிடம் போய் உட்கார்ந்தார். ஐந்து மாதத்தில் மாத்திரை நின்றது.

எட்டு மணிக்கே படுக்கச் சொல்லாதீர்கள். அப்படிப் படுப்பவர் இரண்டு மணிக்கு விழித்தால் அது நோயல்ல. மருத்துவரிடம் போகும்போது அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், சளிக்கு வாங்கியது உட்பட, பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அண்ணனும் கூட வரட்டும். கழிவறைக்குப் போகும் வழியில் இன்றிரவே ஒரு விளக்கைப் போட்டு வையுங்கள்.