ராயல்டி ஃப்ரீ இசைன்னா காசு கொடுக்காம எந்த வீடியோவுக்கும் போட்டுக்கலாமா?

கேள்வியைப் பார்த்தா, யாருக்கோ விளம்பரம் எடுத்துக் கொடுத்து மாட்டிக்கிட்டீங்க போல. போடக்கூடாதுங்க. ஓடுற ஒவ்வொரு தடவையும் தனியா ராயல்டி கேட்க மாட்டாங்க, அவ்வளவுதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம். லைசென்ஸ்னு ஒண்ணு இருக்கத்தான் செய்யும். சும்மா கிடைச்சாலும் அதுக்குள்ள நிபந்தனை இருக்கும்.

நான் பாளையங்கோட்டையில கல்யாண வீடியோ எடுக்கிறவன். ரெண்டு தீபாவளிக்கு முன்னால டவுன்ல ஒரு அல்வாக் கடைக்கு ஒரு நிமிஷ விளம்பரம். விறகடுப்பு, கோதுமைப் பால், நெய் கக்கிக்கிட்டுத் திரளுற அல்வான்னு நல்லாத்தான் எடுத்திருந்தேன். பின்னால ஒரு புல்லாங்குழல் பிட்டு, நெட்ல ‘ஃப்ரீ டவுன்லோட்’னு கிடந்தது. கீழே பொடி எழுத்துல ‘சிசி பிஒய்-என்சி’ன்னு லைசென்ஸ் பேர். என்சின்னா வியாபாரத்துக்கு ஆகாது. எடிட்டிங் அவசரத்துல யார் படிக்கா?

யூடியூப்ல ஏத்தின மூணாம் நாள் கடைக்கார அண்ணாச்சி போன். “ஏ தம்பி, நம்ம வீடியோவுக்கு முன்னால வேற ஸ்வீட் கடை விளம்பரம்லா ஓடுது! அவன்ட்டயும் காசு வாங்கிட்டியோ?”

காப்பிரைட் க்ளைம். இசைக்குச் சொந்தக்காரர் விளம்பரத்தை ஓடவிட்டு வருமானத்தை எடுத்துக்கிட்டார். ஸ்ட்ரைக், அதாவது யூடியூப் சேனலுக்குக் கொடுக்கிற எச்சரிக்கை, விழாதது புண்ணியம். 90 நாளைக்குள்ள மூணு விழுந்தா சேனலே போயிரும். இதையெல்லாம் அண்ணாச்சிக்கு எப்படி விளக்க? பாக்கிப் பணம் இன்னிக்கு வரைக்கும் வரலை.

‘யூடியூப் ஆடியோ லைப்ரரி இருக்கே’ன்னு கமெண்ட்ல வருவீங்க. இருக்கு, அதிலயும் சில பாட்டுக்குப் பேர் போட்டே ஆகணும். ‘பழைய கீர்த்தனைதானே’ம்பீங்க. கீர்த்தனை எழுதின முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல நம்ம எட்டயபுரத்துல காலமானவர், கீர்த்தனைக்கு யாரும் உரிமை கேட்க முடியாது. ஆனா அதை ஒருத்தர் வாசிச்சு வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு 60 வருஷம் உரிமை உண்டு. ‘கல்யாணத்துல எந்தப் பாட்டும் போடலாம்லா?’ போடலாம், 1957 காப்பிரைட் சட்டத்தோட 52-வது பிரிவு விட்டுக்கொடுக்கு. அது மண்டபத்துல ஒலிக்கவிடுறதுக்கு. அதே பாட்டை வீடியோவுல ஏத்திச் சேனல்ல விடுறது வேற சங்கதி. வக்கீல் யாராவது திருத்துனா கேட்டுக்கிடுதேன், சண்டைக்கு வராதீங்க.

இப்ப நான் சுத்தமல்லிப் பக்கம் ஒரு நாகஸ்வரக்காரரை வாசிக்கச் சொல்லி எடுத்துக்கிடுதேன். அவர் வீட்டுத் திண்ணையிலதான் மைக். மோகன ராகம் நல்லா ஏறி வரும்போது ஆடு கத்தும்; மறுபடி முதல்ல இருந்து. பணம் கொடுத்து, எத்தனை வருஷம், எந்தெந்த நாடுன்னு எழுதிக் கையெழுத்து வாங்கிருதேன். எழுதாம விட்டா சட்டப்படி 5 வருஷம், அதுவும் இந்தியாவுக்குள்ள மட்டும். நம்ம ஆளுங்க பாதிப் பேர் துபாய்ல இருந்துல்லா பார்க்காங்க.

கையெழுத்துப் போடும்போது அவர் சொன்னது இன்னும் உறுத்துது: “இந்த வருஷம் கோயில் கொடைக்கு ஒருத்தனும் கூப்பிடலையே தம்பி.” எப்படிக் கூப்பிடுவான்? ஊர் ஊருக்குச் செண்டை மேளம்லா வேணும்! நையாண்டி மேளக்காரர்ட்ட பஸ் காசுக்குப் பேரம் பேசுற அதே கமிட்டி, கேரளாவுக்கு அட்வான்ஸை முழுசா அனுப்புது. எங்க ஊர்க் கமிட்டியைத்தான் சொல்லுதேன், படிச்சா படிக்கட்டும்.