சீகை மரமும் கடற்பாசியும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரி பக்கம் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். எங்கள் ஊர்ச் சங்கத்தில் சேர்ந்த பணத்தில் ஒரு பங்கை மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை ஆய்வு செய்கிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்று சொன்னேன். பாதிப் பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். “அதுதான் தேசியப் பூங்கா ஆயிற்றே, காவல் போட்டால் போதாதா? அறிக்கை எழுதி அலமாரியில் வைக்கவா நம் பணம்? இங்கே நம் புல்வெளியையே சீகை மரம் (வாட்டில்) மூடிக் கிடக்கிறது” என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

ச., கோத்தகிரி

அன்புள்ள ச.,

‘நாம் போடும் குப்பைதான் அந்தக் கடலைக் கெடுக்கிறது, அதனால் கொடுப்போம்’ என்று மட்டும் கூட்டத்தில் பேசிவிடாதீர்கள். உங்கள் ஊர் ஓடைகள் பவானியிலும் மோயாற்றிலும் விழுந்து, காவிரியோடு போய் பூம்புகார் பக்கம் கடலில் சேர்கின்றன. மன்னார் வளைகுடா ராமேஸ்வரத்துக்குத் தெற்கே இருக்கிறது. பொய்யான காரணம் சொல்லி வாங்கிய நன்கொடை அடுத்த வருஷம் வராது.

காவல் வேண்டியதுதான். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் பூங்கா ஆக்கினார்கள். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததெல்லாம் நின்றது காவலால்தான். ஆனால் வெந்நீரைக் காவலர் தடுக்க முடியுமா? கோடையில் கடல்நீர் 30 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால், பவளம் தனக்குள் வாழும் நுண்பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளிறிப்போகிறது. 2010-இல் நடந்தது. 2016-இல் இன்னும் மோசம். பாறைப் பரப்பில் உயிருள்ள பவளம் நூற்றுக்குச் சுமார் 39 பங்கு என்று இருந்தது 23-க்கு இறங்கியது.

இந்த 39-ஐயும் 23-ஐயும் யார் சொன்னது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் இருபது வருஷத்துக்கும் மேலாக அந்தத் தீவுகளைச் சுற்றி முங்கிப் பார்த்து எழுதி வைத்த கணக்கு அது. வேலையைக் கேட்டால் சப்பென்று இருக்கும். கடலடியில் 20 மீட்டர் அளவு நாடாவை விரிக்கிறார்கள். முதுகில் காற்று உருளையோடு ஒருவர் நாடாவை ஒட்டியே மெல்ல நீந்துகிறார். நாடாவுக்கு அடியில் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை உயிர்ப்பவளம், எங்கே செத்த பவளம், எங்கே பாசி, எங்கே மணல் என்று பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் குறிக்கிறார். கடல் கலங்கினால் அன்றைக்கு வேலை கிடையாது, படகு வாடகை மட்டும் உண்டு. பிறகு மறுபடி அதே பகுதி, அதே நாடா. பத்திரிகையில் போடுகிற மாதிரி இதில் ஒன்றுமே இல்லை. அதனால்தான் பணமும் கிடைப்பதில்லை. பெரும்பாலான ஆய்வு நிதி இரண்டு மூன்று வருஷத்தில் முடிந்துவிடும். பவளம் ஒரு கோடையில் சாகும், தேறி வரப் பத்து வருஷம் கூட ஆகலாம்.

அலமாரிக் குற்றச்சாட்டை முழுக்க மறுக்க மாட்டேன், அப்படிப்பட்ட அறிக்கைகளும் நிறைய உண்டு. ஆனால் தூத்துக்குடி அருகே வான் தீவு கரைந்து சுருங்குவதை அளந்து காட்டியதால்தான், 2015-இலிருந்து அதைச் சுற்றி கான்கிரீட் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள்.

இப்போது சீகைக்கு வருவோம். உங்கள் ஆட்கள் சொன்னது நியாயம். ஆனால் அது எனக்குச் சாதகமான சாட்சி. அந்த மரத்தை வெள்ளைக்காரன் கொண்டுவந்தான். சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்காக நாமும் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டோம். ‘வெறும் புல்தானே’ என்று நினைத்தோம். நடுவதற்கு முன் அந்தப் புல்வெளியில் எந்த ஊற்று எவ்வளவு ஓடியது, எந்தப் புல் எங்கே இருந்தது என்று ஒழுங்காகக் கணக்கெடுத்து வைத்திருந்தால் இன்றைக்கு இவ்வளவு வாக்குவாதம் இருக்காது. எருமை மேய்த்த தோடர்களுக்குத் தெரியும். அவர்களை யார் கேட்டது?

கடலிலும் அதே கதை ஒன்று உண்டு. கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியைப் பாக் விரிகுடாப் பக்கம் மிதவைகளில் கட்டி வளர்க்கிறார்கள். மீனவப் பெண்களுக்கு வருமானம் தரும் பயிர், அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒரு துண்டு பிய்ந்து போனாலும் போன இடத்தில் வளரும் சாதி அது. பூங்காவுக்குள் இருக்கும் குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேலேயே அது படர்ந்திருப்பதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஆபத்தில்லை என்று வாதாடிய விஞ்ஞானிகளும் உண்டு. சரி, யார் சொல்வது உண்மை? முங்கிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பார்த்தார்கள், கையால் பிய்த்து அகற்றும் வேலையும் நடந்தது. சீகைக்கு நாம் நூறு வருஷம் கழித்துச் செய்வதை அங்கே சில வருஷத்தில் தொடங்க முடிந்தது.

கொடுப்பதற்கு முன் அந்த ஆய்வாளர்களைக் கொஞ்சம் குடைந்து கேளுங்கள். பழைய இடங்களுக்கே திரும்பப் போகிறார்களா, கணக்கை வெளியிடுவார்களா? எல்லாவற்றையும் விட முக்கியம், அந்த ஊர் ஆட்களுக்குக் கூலி உண்டா, பேச இடம் உண்டா என்பது. பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் 12 நாள்தான் கடலில் இறங்குவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்தவர்கள். அவர்களில் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி என்ற சர்வதேச விருதே கிடைத்தது. அவர்களை வேலி தாண்டுகிறவர்களாக மட்டும் பார்க்கும் ஆய்வுக்கு நான் என்றால் பைசா கொடுக்க மாட்டேன்.

பதில் திருப்தியாக இருந்தால் படகு டீசலுக்கும் காற்று உருளை நிரப்பவும் என்றே சொல்லிக் கொடுங்கள். கட்டடத்துக்குக் கொடுக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். மீதிப் பணத்தில் உங்கள் ஊர்ச் சீகைக் கன்றுகளைப் பிடுங்க ஆள் வையுங்கள். மழை விட்ட ஈரத்தில் வேரோடு வரும். அப்புறம், எந்தச் சரிவில் எத்தனை பிடுங்கினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள்.