பம்ப்கின் பீரில் பரங்கிக்காய் ருசி ஏன் தெரிவதில்லை? எப்படி ஒப்பிட்டுச் சுவைப்பது?

பம்ப்கின் பீர் என்பது அமெரிக்காவில் இலையுதிர் காலத்தையொட்டி வரும், பரங்கிக்காயும் மசாலாவும் சேர்த்த, ஏல் (ale) எனப்படும் பீர் வகை. காயின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, அதையும் ஈஸ்ட் தின்றுவிடும். காய்க்கென்று பெரிய ருசி மிஞ்சாது. பரங்கிக்காய் சாம்பாரில் தூக்கலாக வருவது பொடி வாசனைதானே, அதுபோல இங்கே பட்டை, ஜாதிக்காய், கிராம்பு. 1980களில் கலிஃபோர்னியாவின் பஃபலோ பில்ஸ் பீர் ஆலை மசாலா சேர்த்ததும் இதனால்தான்.

ஒப்பிடும்போது ஆல்கஹால் குறைந்ததில் தொடங்குங்கள். ஒவ்வொன்றிலும் 60-90 மி.லி. போதும். 10-13 டிகிரி செல்சியஸ் சரியான பதம், ஐஸ் குளிரில் ஜாதிக்காய் மணம் எழாது. கிராம்பு தூக்கலான பீரை முதலில் குடித்தால் நாக்கு மரத்து, அடுத்தது சப்பென்றிருக்கும். நடுநடுவே தண்ணீர், வெறும் ரொட்டி.

இனிப்பாக மணப்பதால் லேசான பீர் என்று நினைக்கிறார்கள். சாதாரண லாகர் பீரில் ஆல்கஹால் 5% அளவில் இருக்க, சதர்ன் டியர் என்ற அமெரிக்க ஆலையின் பம்ப்கின் பீரான பம்கிங்கில் 8.6%.