முதல் பைக்: கிளாசிக் 350 வாங்கலாமா, 125 சிசி போதுமா?

கேள்வி: 24 வயது இளைஞன். உயரம் 5 அடி 4 அங்குலம். போன மாதம்தான் கியர் வண்டிக்கு லைசென்ஸ் கிடைத்தது. சென்னையில் வேலை. கையில் 1,80,000 ரூபாய் இருக்கிறது, மீதிக்குத் தவணை போடலாம். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வாங்க ஆசை. வீட்டில் 125 சிசி போதும் என்கிறார்கள். எது சரி? வண்டியோடு வேறு என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்:

தம்பி, முதல் வண்டியாக கிளாசிக் 350 வேண்டாம். அதே சமயம், 125 சிசி என்று எதையாவது எடுத்தால் போதும் என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டுக்கும் நடுவில் நல்ல வண்டிகள் இருக்கின்றன. அவற்றுக்கு வருவதற்கு முன், அந்த 1,80,000 ரூபாயில் 15,000 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அது ஹெல்மெட், கையுறை, ஷூ, மழை உடைக்கான பணம். மிச்சமிருப்பதுதான் வண்டிக்கு. வண்டியை எடுத்த பிறகு மீதியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த மீதி பதிவுச் செலவிலும் காப்பீட்டிலும் கரைந்துபோகும்.

கிளாசிக்கை ஏன் வேண்டாம் என்கிறேன்? அது மோசமான வண்டி என்பதற்காக இல்லை. அதன் எடை 195 கிலோ, இருக்கை உயரம் 805 மில்லிமீட்டர். நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த எடை தெரியவே தெரியாது. நிற்கும்போதுதான் தெரியும். புதிதாக ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் வண்டியைச் சாய்ப்பது வேகத்தில் இல்லை. யூ டர்ன் எடுக்கும்போது, சிக்னலில் காலை ஊன்றிய இடத்தில் மணல் கிடக்கும்போது, அடுக்குமாடி வீட்டின் சரிவில் ஏறி நின்று திரும்பும்போதுதான். பத்து டிகிரி சாய்ந்தால் 110 கிலோ வண்டியைத் தொடையாலேயே நிமிர்த்திவிடலாம். 195 கிலோ சாய ஆரம்பித்தால் பழக்கமில்லாதவரால் பிடித்து நிறுத்த முடியாது. அதன் அடியில் கணுக்கால் மாட்டினால் மாதக்கணக்கில் நடக்க முடியாது.

ஷோரூமில் ஒரு சோதனை செய்து பாருங்கள். எஞ்சினை அணைத்த நிலையில் வண்டியைச் சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்துங்கள். மேலே உட்காராமல், இடது பக்கம் நின்றபடி ஹேண்டில்பாரைப் பிடித்து, பத்தடி பின்னால் தள்ளுங்கள். பிறகு ஹேண்டிலை முழுவதும் ஒடித்துத் திருப்பிக் கொண்டுவாருங்கள். மூச்சு வாங்காமல், யாரும் கை கொடுக்காமல் இதைச் செய்ய முடிகிற வண்டிதான் இப்போதைக்கு உங்கள் வண்டி. உட்கார்ந்து பார்க்கும்போது இரண்டு பாதங்களின் முன்பகுதியும் நன்றாகத் தரையில் பதிய வேண்டும். இருக்கை உயரத்தைக் காகிதத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இருக்கை அகலமாக இருந்தால், உயரம் குறைவாக இருந்தும் கால் எட்டாது.

அடுத்தது பிரேக். 125 சிசி பற்றி நான் தயங்குவதற்குக் காரணமே இதுதான். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகள் எல்லாவற்றுக்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். 125 சிசி வரையிலான வண்டிகளுக்கு, ஒரு பிரேக்கை அழுத்தினால் மற்றதும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ் இருந்தால் போதும் என்று அந்த விதி விட்டுவிட்டது. சிபிஎஸ் நிறுத்தும் தூரத்தைக் குறைக்க உதவும். ஆனால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குவதை அது தடுக்காது. ஏபிஎஸ் தடுக்கும். ஐப்பசி மழையில் ஜீப்ரா கோட்டின் வெள்ளைப் பெயின்ட் மீது, குறுக்கே வந்த ஆட்டோவுக்காகப் பதற்றத்தில் முன்பிரேக்கை இறுக்கினால், இந்த வித்தியாசம் விழுவதா நிற்பதா என்பதைத் தீர்மானிக்கும். பதற்றத்தில் இறுக்குவது புதியவர்களின் இயல்பு. அதனால் அனுபவசாலியைவிட உங்களுக்குத்தான் ஏபிஎஸ் அதிகம் தேவை.

ஆகவே 150 முதல் 160 சிசி வரை பாருங்கள். யமஹா எஃப்இசட், ஹோண்டா யூனிகார்ன், டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 160 ஆகியவை 140 கிலோவை ஒட்டியே இருக்கின்றன, இருக்கை உயரமும் 800 மில்லிமீட்டருக்குள். கிளாசிக்கோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய ஓர் ஆளின் எடை குறைவு. 125 சிசிதான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதமாக இருந்தால், ஹீரோ எக்ஸ்ட்ரீம் 125ஆர் மாதிரி ஏபிஎஸ்ஸுடன் வரும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஒரே பெயரில் ஏபிஎஸ் உள்ளதும் இல்லாததும் விற்பார்கள். விலைப்பட்டியலில் வகையின் பெயரைச் சரிபாருங்கள். 350 ஆசை ஒரு வருடம் கழித்தும் அடங்கவில்லை என்றால், 181 கிலோ எடையும் 790 மில்லிமீட்டர் இருக்கையும் உள்ள ராயல் என்ஃபீல்டு ஹன்டர் 350-ஐ முதலில் ஓட்டிப் பாருங்கள்.

இனி விலை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. ஆனால் விளம்பரத்தில் பார்ப்பது ஷோரூம் விலை. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்கு ஆயுள் வரி 12 சதவீதம். 1,20,000 ரூபாய் வண்டிக்கு இதுவே சுமார் 14,000. இதற்கு மேல் காப்பீடு. மூன்றாம் நபர் காப்பீட்டை, அதாவது நம் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீட்டை, ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே எடுத்தாக வேண்டும் என்பது 2018 செப்டம்பரிலிருந்து விதி. 150 சிசியைத் தாண்டினால் அந்தக் கட்டணம் அடுத்த படிக்கு ஏறிவிடும். காப்பீட்டை டீலரிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியே விலை கேட்டு வைத்துக்கொண்டு போனால், உள்ளேயும் குறைப்பார்கள்.

என் அக்கா மகனுக்கு வண்டி எடுக்கப் போனபோது நீட்டிய மதிப்பீட்டுத் தாளில், வரிக்கும் காப்பீட்டுக்கும் கீழே 'அக்சஸரீஸ்' என்று ஒரே வரியாகச் சில ஆயிரம் போட்டிருந்தார்கள். பிரித்து எழுதிக் கொடுங்கள் என்று கேட்டதும் சீட் கவர், கைப்பிடி உறை, டேங்க் ஸ்டிக்கர், ஒரு கிராஷ் கார்டு என்று வந்தது. அதற்கும் கீழே 'ஹேண்ட்லிங்' என்று இன்னொரு தொகை. என்ன சேவைக்கு என்று கேட்டபோது பதில் வரவில்லை. மேலாளரே பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். கூச்சப்படாமல் கேளுங்கள், உங்கள் பணம். உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் 2019 ஏப்ரலிலிருந்து புதிய வண்டியோடு பொருத்தியே தரப்பட வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதி 138-இன்படி ஐஎஸ்ஐ தரமுள்ள ஒரு ஹெல்மெட்டும் வண்டியோடு தர வேண்டும்.

பின்சக்கரத்தின் மேல் வரும் சேலை கார்டை மட்டும் அழகுக்காகக் கழற்றிவிடாதீர்கள். அதுவும் பின்னால் இருப்பவருக்கான கைப்பிடியும் விதி 123 கட்டாயமாக்கியவை. உங்கள் அம்மாவின் முந்தானையோ தங்கையின் துப்பட்டாவோ ஆரக்கால்களில் சுற்றாமல் காப்பது அந்த மெல்லிய கம்பிகள்தான்.

வண்டியைக் கையில் வாங்கும் நாளில் பகல் வெளிச்சத்தில் போங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3225 என்றால் 2025-ஆம் ஆண்டின் 32-வது வாரம் செய்தது. டீலர் தரும் விற்பனைச் சான்றிதழான படிவம் 21-இல் வண்டி தயாரான மாதமும் ஆண்டும் இருக்கும், வண்டியின் சட்டகத்தில் பொறித்த சேஸிஸ் எண்ணும் இருக்கும். இரண்டையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஹெல்மெட்டுக்கு வருகிறேன். 15,000 ரூபாயில் பெரிய பங்கு இதற்குத்தான். ஷோரூமில் தருவதைப் பின்னால் உட்காருபவருக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் சட்டப்படி ஹெல்மெட் கட்டாயம், இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். உங்களுக்கு முகத்தை முழுவதும் மூடும் ஹெல்மெட்டாக 4,000 முதல் 6,000 ரூபாய்க்குள் வாங்குங்கள். ஹெல்மெட்டுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 4151 முத்திரை இல்லாததை 2021 ஜூன் முதல் விற்கவே கூடாது. ஆனாலும் சாலையோரத்தில் வெறும் பிளாஸ்டிக் ஓடுகளைக் குவித்து விற்கிறார்கள். அவற்றின் உட்துணியை விலக்கிப் பார்த்தால், தெர்மாகோல் போன்ற தடித்த அடுக்கு இருக்காது. மோதும்போது நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அந்த அடுக்குதான். ஒருமுறை நசுங்கினால் அது பழைய நிலைக்கு மீளாது. வெளியே கீறல் தெரியாவிட்டாலும், அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றிவிட வேண்டும். அதனால் பழைய ஹெல்மெட்டை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அளவு மிக முக்கியம். புருவத்துக்குச் சற்று மேலே தலையைச் சுற்றி டேப்பால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். போட்டதும் கன்னங்கள் இரண்டும் அழுந்த வேண்டும். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினால் ஹெல்மெட் தனியாகச் சுழலாமல், முகத்தோலையும் இழுத்துக்கொண்டு நகர வேண்டும். தாடைப் பட்டையை மாட்டிக்கொண்டு, பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தூக்கச் சொல்லுங்கள். கழன்று வந்தால் ஓர் அளவு சிறியதைக் கேளுங்கள். பத்து நிமிடம் போட்டபடியே நில்லுங்கள். நெற்றியில் ஒரே இடத்தில் வலி எடுத்தால், அந்த வடிவம் உங்கள் தலைக்கு ஒத்துவராது. முகக் கண்ணாடி நிறமில்லாததாக இருக்கட்டும். கறுப்புக் கண்ணாடி இரவில் பள்ளத்தை மறைத்துவிடும்.

விழும்போது எல்லோரும் உள்ளங்கையைத்தான் முதலில் ஊன்றுகிறோம். ஆகவே ஹெல்மெட்டுக்கு அடுத்தது, உள்ளங்கையில் தடித்த பட்டை உள்ள கையுறை. பிறகு கணுக்காலை மூடும் ஷூ. செருப்போடு கியர் வண்டி ஓட்டவே கூடாது. மழைக்குச் சட்டையும் பேன்ட்டுமாகப் பிரிந்த உடை போதும். நீளமான கோட்டின் நுனி செயினில் சிக்கும். சென்னை வெயிலில் ஜாக்கெட் போட முடியுமா என்று கேட்பார்கள். வலை போன்ற துணியில், தோளிலும் முழங்கையிலும் பாதுகாப்புத் தகடு வைத்தவை கிடைக்கின்றன. ஓடும்போது காற்று உள்ளே வரும். அது இப்போது கட்டுப்படியாகாவிட்டால் அடுத்த போனஸுக்குத் தள்ளிவைக்கலாம். கையுறையைத் தள்ளிவைக்க வேண்டாம்.

வண்டி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளில்லாத மைதானமோ காலி மனைப் பகுதியோ தேடிப் போய், 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முன்பிரேக்கைப் படிப்படியாக அழுத்தி நிறுத்திப் பழகுங்கள். நிறுத்தும் விசையில் பெரும்பகுதி முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. பின்பிரேக்கை மட்டும் மிதிக்கும் பழக்கம் வந்துவிட்டால் பிறகு மாற்றுவது கடினம். புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் நூறு கிலோமீட்டருக்கு வளைவுகளில் சாய்க்காதீர்கள்.

வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் எவ்வளவு தூரம், பின்னால் யாராவது தினமும் வருவார்களா என்று நீங்கள் எழுதவில்லை. நகரத்துக்குள்ளேயே ஓட்டுவதென்றால், நெரிசலில் நிமிர்ந்து உட்கார வசதியான யூனிகார்னை முதலில் ஓட்டிப் பாருங்கள். தாம்பரம் வழியாகப் போகும் ஜிஎஸ்டி சாலையிலோ கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ தினமும் நெடுந்தூரம் என்றால் அப்பாச்சி. தூரத்தைக் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள், எந்த வகை என்று இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.