டிகாக்‌ஷன் இறங்க மாட்டேன் என்கிறது!

கேள்வி: காலையில் பில்டரில் டிகாக்‌ஷன் இறங்குவதற்குள் பொறுமை போய்விடுகிறது. மகள் பிரெஞ்சு பிரஸ் வாங்கச் சொல்கிறாள். தம்பி மோகா பாட் என்கிறான். எனக்குப் பால் காபி. கணவருக்குக் கொலஸ்ட்ரால் உண்டு. பால் சேர்க்காமல்தான் குடிப்பார். எதை வாங்கலாம்?
– வாசகி, திருச்சி

பதில்: உங்களுக்கு எதுவும் வேண்டாம். அவருக்கு மட்டும் ஒன்று வாங்குங்கள்.

பாலில் கலக்க டிகாக்‌ஷன் கள்ளிச்சொட்டாக இருக்க வேண்டும். பிரெஞ்சு பிரஸ் என்பது பொடியை வெந்நீரில் ஊறவைத்து, கம்பி வலையால் அழுத்தி வடிக்கும் குடுவை. அதில் வரும் காபி நீர்க்க இருக்கும். பால் ஊற்றினால் காபி இருந்த இடம் தெரியாது. மோகா பாட் தேவலை. 1933-ல் இத்தாலியில் வந்த சாமான். ஆவியின் அழுத்தத்தில் வெந்நீர் பொடி வழியே மேலேறும். திக்காகவே வரும். ஆனால் அலுமினிய மோகா இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது. சிக்கரி தூக்கலான பொடி அதில் அடைத்துக்கொள்ளும்.

பில்டர்மீது பழி போடுமுன் அதன் மேல் பாத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளைகளில் பாதி அடைந்திருக்கும். எவர்சில்வர் என்றால் காலியாக அடுப்புத் தணலில் காட்டுங்கள்; அடைத்த பொடி கருகிவிடும். ஆறியபின் தேய்த்துக் கழுவுங்கள். பொடியை மாவாக அரைக்க வேண்டாம் என்று கடையில் சொல்லுங்கள். சிக்கரியைக் குறையுங்கள். பொடியைச் சமமாகப் பரப்பினால் போதும், அழுத்தித் திணிக்கக் கூடாது. அப்புறமும் அவசரமென்றால் ராத்திரியே போட்டுவிடுங்கள். ராத்திரி டிகாக்‌ஷன் என்றால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் ஆறரை மணி பஸ்ஸைப் பிடிக்கிறவரிடம் அதையெல்லாம் பேச முடியாது.

கணவருக்குப் பிரெஞ்சு பிரஸ் வேண்டவே வேண்டாம். காபிக் கொட்டையின் எண்ணெயில் கஃபெஸ்டால் என்றொரு பொருள் உண்டு. கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும். பிரஸ்ஸின் கம்பி வலை அதை விட்டுவிடும், காபி வடிகட்டும் பேப்பர் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். 1908-ல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி, மகனின் நோட்டிலிருந்த மையொற்றும் தாளில் காபி வடிகட்டித் தொடங்கிவைத்த முறை இது. அவர் கசண்டுக்காகச் செய்தார். கொலஸ்ட்ரால் கதை பின்னால் தெரிந்தது.

டிரிப்பர் என்பது அந்தப் பேப்பரை வைத்து, கோப்பைமேல் உட்காரவைக்கும் வடிகட்டி. பிளாஸ்டிக்கே போதும். சிக்கரி கலக்காத பீபெரி காபிப் பொடி 15 கிராம், பில்டர் பொடியைவிடச் சற்றுக் கொரகொரப்பாக. பேப்பரை முதலில் வெந்நீரில் அலசுங்கள். இல்லாவிட்டால் காகித வாடை வரும். கொதி அடங்கிய வெந்நீர் 250 மில்லியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் மூன்று நிமிடத்தில் காபி தயார். டிரிப்பர் கூம்பா, அடி தட்டையா என்று பார்த்து அதற்கேற்ற பேப்பரையும் கையோடு வாங்கிவிடுங்கள். வடிவம் மாறினால் உட்காராது.