மாலையானால் முட்டிக்கொள்ளும் கன்றுகள்: சொட்டு மருந்து போதுமா?

கேள்வி: நான்கு மாதக் கன்றுகள் இரண்டு இருக்கின்றன. பகலில் நன்றாகத் திரிகின்றன. பொழுது சாய்ந்ததும் சுவரிலும் தொட்டியிலும் முட்டிக்கொள்கின்றன. ஒன்றுக்குக் கண்ணில் நீர் வடிகிறது. மழை இல்லாததால் ஏழு மாதமாக வைக்கோலும் தவிடும்தான் தீவனம். தாய்ப்பசு ஒன்று மறுபடியும் சினையாக இருக்கிறது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. சொட்டு மருந்தை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது மாலைக்கண். வைட்டமின் ஏ பற்றாக்குறையின் முதல் அடையாளமே அதுதான்.

பசுந்தீவனத்தில் உள்ள கரோட்டினைத்தான் மாடு வைட்டமின் ஏ ஆக மாற்றி ஈரலில் சேர்த்து வைக்கிறது. வெயிலில் காய்ந்து வெளுத்த வைக்கோலில் கரோட்டின் இருப்பதில்லை என்றே சொல்லலாம். தவிடும் அந்தக் குறையை ஈடுகட்டாது. வளர்ந்த மாட்டின் ஈரல் இருப்பு இரண்டு முதல் நான்கு மாதம் வரை தாங்கும். கன்றுக்கு அந்த வசதி கிடையாது. வயிற்றில் இருக்கும்போது தாயிடமிருந்து அதற்கு வருவது மிகக் குறைவு, பிறந்தபின் சீம்பாலில்தான் கிடைக்க வேண்டும். உங்கள் பசுக்கள் சினையின் கடைசி மாதங்களிலும் வைக்கோலையே தின்றிருக்கின்றன. அப்படியானால் சீம்பாலிலும் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது.

அவசரம் ஏன் என்றால், மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பதற்கான நிறமி விழித்திரையில் குறைவதால் வரும் மாலைக்கண்ணை மருந்தால் மீட்டுவிடலாம். ஆனால் வளரும் கன்றுக்குப் பற்றாக்குறை நீண்டால் மண்டையோட்டு எலும்பு சரியாக வளராது. பார்வை நரம்பு வெளியே வரும் துளை குறுகி நரம்பை நெரித்துவிடும். அந்தக் குருட்டை எந்த ஊசியாலும் திருப்ப முடியாது. இன்றிரவே டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் பட்டும் கண்ணின் நடுவிலுள்ள பாவை சுருங்காமல் விரிந்தே நின்றால், அல்லது பகலிலும் கன்று தடுமாறினால், நரம்பு கெட்டிருக்கலாம். வலிப்பு வந்தால் இன்னும் மோசம்.

நீர் வடியும் கன்றை மட்டும் தனியாகக் கவனியுங்கள். ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிந்து, வெளிச்சத்துக்குக் கூசி, கருவிழியில் வெள்ளைப் புள்ளி விழுந்திருந்தால் அது ஈ பரப்பும் தொற்றுக் கண்நோயாகவும் இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு. அதோடு, ஈய நஞ்சும் தயமின் (வைட்டமின் பி1) குறைவும்கூடக் கன்றைக் குருடாக்கும். அவற்றில் பாவை பெரும்பாலும் வெளிச்சத்துக்குச் சுருங்கும். ஆகவே டார்ச் அடித்து என்ன பார்த்தீர்கள் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

வழக்கமாக உடல் எடையில் கிலோவுக்கு 440 சர்வதேச அலகு கணக்கில் வைட்டமின் ஏ ஊசி போடுவார்கள். 60 கிலோ கன்றுக்கு ஏறக்குறைய 26,000 அலகு. மருந்தின் செறிவு புட்டிக்குப் புட்டி மாறும் என்பதால் நீங்களாகப் போட வேண்டாம். இது கொழுப்பில் கரைந்து உடலிலேயே தங்கும் சத்து. அளவு மீறினால் எலும்பைக் கெடுக்கும். கழிச்சலோ குடற்புழுவோ இருந்தால் அதையும் தீர்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தீவனத்தில் கொடுப்பது உடலில் சரியாகச் சேராது.

அப்புறம் தீவனம். குதிரைமசால், அகத்தி, முருங்கை இலை என்று பச்சையாக எது கிடைத்தாலும், கொஞ்சமாகத் தொடங்கிச் சில நாளில் கூட்டுங்கள். பச்சை அறவே கிடைக்காத மாதங்களில் வைட்டமின் ஏ சேர்ந்த தாது உப்புக் கலவை வேண்டும். வெறும் தாது உப்பில் அது இருக்காது, பையில் படித்துப் பார்த்து வாங்குங்கள். அடுத்த மழையில் புல் மிஞ்சினால் எல்லாவற்றையும் வெயிலில் காயப்போடாமல் ஒரு பகுதியைச் சைலேஜாக, அதாவது காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த பசுந்தீவனமாகப் போட்டு வையுங்கள். அதில் கரோட்டின் அதிகம் தங்கும்.

சினைப்பசுவை மறக்காதீர்கள். இதே தீவனம் தொடர்ந்தால் கன்று வீசலாம் (கரு கலைந்து விழலாம்), நஞ்சுக்கொடி விழாமல் தங்கலாம், கன்று குருடாகவே பிறக்கலாம். கன்றுகளுக்கு மருத்துவர் வரும் அன்றே பசுவையும் காட்டி, சினை எத்தனை மாதம் என்று சொல்லி, அதற்கும் ஊசி தேவையா என்று கேட்டுவிடுங்கள்.